விலக்கு

“ஹிஸ்டரியா? வேற எதுவும் கிடைக்கலையா?”

கல்லூரிச் சேர்க்கை முடிந்த கையோடு வில்லியனூர், பாகூர், திருக்கனூர் வட்டாரத்து வீடுகளில் பெண்பிள்ளைகள் எதிர்கொள்ளும் கேள்வி இது. துக்கம் விசாரிக்கிற குரலில்தான் கேட்கிறார்கள். வரலாறு, தமிழ், தத்துவம், சமூகவியல் என்று எதைச் சொன்னாலும் அந்தக் குரல் மாறுவதில்லை. இதற்குப் பதிலாகக் கல்வியாளர்கள் மேடைகளில் சொல்லும் வாசகமும் எனக்கு உவப்பானதல்ல. ‘வரலாறு படித்தால் ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு உதவும்’ என்கிறார்கள். முதல் குரல் இந்தப் படிப்பைப் பயனற்றது என்கிறது. இரண்டாவது குரல் இது வேறொன்றுக்குப் பயன்படும் என்கிறது. அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பது யார், அவள் எப்படி அங்கே வந்தாள், அங்கே அவளுக்கு என்ன கிடைக்கிறது என்று இரண்டுமே கேட்பதில்லை. அந்த மூன்று கேள்விகளைத்தான் இங்கே கேட்க விரும்புகிறேன்.

உயர்கல்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடுகள், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாய் கொடுக்கப்பட்டதைச் சொல்கின்றன. சங்கராபரணிக் கரையிலுள்ள செல்லிப்பட்டிலிருந்து அதிக தூரமில்லாத திருபுவனையில், முதலாம் இராஜாதிராஜன் காலத்தில், 1048இல் ஒரு கல்லூரி நடந்திருக்கிறது. 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். அவர்களுக்கான செலவுக்கு 72 வேலி நிலம். அதிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 கலம் நெல். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் இராஜேந்திரன் காலத்தில் இதைவிடப் பெரிய கல்லூரி, 340 மாணவர்களோடு இருந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் தொடங்கியது 1985இல். அதற்கு 900 ஆண்டுகளுக்கும் முன்பே விழுப்புரம் சாலையோரத்து ஊரில் விடுதியும் உணவும் ஊதியமும் ஒழுங்கு செய்யப்பட்ட கல்லூரி இருந்தது என்பதை யாரும் பெருமையோடு சொல்லலாம். சொல்லவும் செய்கிறார்கள்.

பெருமையைச் சொல்லி முடித்த இடத்தில் வரலாற்று வகுப்பு தொடங்க வேண்டும். திருபுவனையில் என்ன படித்தார்கள்? வேதங்கள், வேதாந்தம், இலக்கணம், பாரதம், இராமாயணம். அந்த வரிசையில் மனு சாஸ்திரமும் உண்டு. யார் படித்தார்கள்? பிராமண ஆண்கள். 12,000 கலம் நெல் தானாக வந்து களத்தில் குவிந்திருக்காது. நாற்றுப் பறித்தவர்கள், நட்டவர்கள், களையெடுத்தவர்கள், அறுத்தவர்கள், தூற்றியவர்கள் இருந்திருப்பார்கள். நடவும் களையும் இன்றைக்கும் இந்த வட்டாரத்தில் பெண்களின் வேலை. அன்றைக்கு அது வேறு யார் வேலையாக இருந்திருக்கும்? அவர்கள் நட்ட நெல்லைத் தின்று, அவர்களுக்கு எது தகாது என்று வகுக்கும் சாஸ்திரத்தை வேறு சிலர் படித்தார்கள். கல்வெட்டு மாணவர்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது, ஆசிரியர்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது, நெல்லின் அளவைச் சொல்கிறது. நட்டவளைச் சொல்வதில்லை.

இத்தகைய நிறுவனங்களின் ஆவணங்களில் பெண்ணே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடலில் வீரராஜேந்திரனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒரு கல்விச்சாலையையும் விடுதியையும் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையையும் பேசுகிறது. அங்கே மருத்துவர் உண்டு, அறுவை செய்பவர் உண்டு, மூலிகை கொண்டுவருபவர்கள் உண்டு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. ஆணுக்குப் பாடமும் பெண்ணுக்குப் பணிவிடையும் ஒதுக்கப்பட்ட ஒரு கல்வி வளாகம் கல்லிலேயே வெட்டப்பட்டுக் கிடக்கிறது.

திருபுவனைக் கல்வெட்டில் என்னை நிறுத்தி வைக்கும் செய்தி இன்னொன்று. அந்தக் கல்லூரியின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஊர்ச் சபையின் வாரியப் பொறுப்புகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. படிப்பவனுக்கும் படிப்பிப்பவனுக்கும் ஊர் வேலை இடைஞ்சலாகக் கூடாது என்று ஊரே கூடி முடிவு செய்திருக்கிறது. கல்விக்கு நெல் மட்டும் போதாது, நேரமும் வேண்டும், அந்த நேரத்தை யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற தெளிவு 1048இல் இருந்தது.

‘விலக்கு’ என்ற சொல் நம் பெண்களுக்கும் தெரியும், வேறு பொருளில். மாதத்தில் மூன்று நாள் ‘வீட்டு விலக்கு’. கோயிலிலிருந்து விலக்கு, பூஜை அறையிலிருந்து விலக்கு, சில வீடுகளில் இன்னமும் பாயிலிருந்தும் தட்டிலிருந்தும் விலக்கு. ஆனால் படிப்புக்காக வேலையிலிருந்து விலக்கு என்பதை அவள் அறிந்ததில்லை. செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய நாளும் வாசல் தெளிக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பிக்குச் சோறு போட வேண்டும், அம்மா கம்பெனி வேனில் ஏறிப் போயிருந்தால் உலையும் வைக்க வேண்டும். அதே வீட்டில் பொறியியல் படிக்கும் அண்ணனுக்கு அரியர் இருந்தால் வீடே மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கும். ஓர் ஆணின் படிப்பு வீட்டின் நேரத்தையே மாற்றுகிறது. பெண்ணின் படிப்பு வீட்டு நேரத்தின் இடுக்குகளில் நடக்கிறது.

இந்த இடுக்குகளைக் கடந்து பெண்கள் வந்திருக்கிறார்கள் என்பதுதான் நம் காலத்தின் பெரிய செய்தி. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 4.33 கோடி உயர்கல்வி மாணவர்களில் 2.07 கோடிப் பேர் பெண்கள். 18 முதல் 23 வரையிலான வயதினரைக் கொண்டு கணக்கிடும் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 28.5, ஆண்களுக்கு 28.3. இளநிலைப் பட்டப்படிப்பில் இருப்பவர்களில் 34.2 சதவீதம் பேர் கலைப் பாடங்களில். புதுச்சேரியில் 1968இல் தொடங்கிய பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி போன்றவை இல்லையென்றால் நம் கிராமத்துப் பெண்கள் பலர் பட்டதாரி ஆகியிருக்கவே முடியாது.

ஆனால் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் என்றால் கடன் வாங்கிக் கட்டும் பணம் பெரும்பாலும் பையனுக்கு. பெண்ணுக்கு அரசு கலைக் கல்லூரி. செலவில்லாத படிப்பு, பேருந்தில் போய் வரலாம், மாப்பிள்ளை அமைந்தால் நிறுத்திவிடலாம். வரலாற்று வகுப்பின் பெஞ்சுகள் பெண்களால் நிரம்பியதற்கு அந்தப் படிப்பின்மேல் சமூகத்துக்கு வந்த மதிப்பு காரணமல்ல. மதிப்பு போனதால் இடம் காலியானது, காலியான இடத்தில் பெண்கள் உட்கார வைக்கப்பட்டார்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கு இதில் வருத்தமும் உண்டு, நம்பிக்கையும் உண்டு. மலிவென்று தள்ளிய இருக்கையில் அமர்ந்தவளுக்கு, அவளை அங்கே தள்ளிய கணக்கையே படித்துப் பார்க்கும் கருவி கிடைக்கிறது. பொறியியல் வகுப்பில் அந்தக் கருவி கிடைக்காது. கொடுக்க வேண்டியதை ஒழுங்காகக் கொடுத்தால் வரலாற்று வகுப்பில் கிடைக்கும்.

கொடுக்கிறோமா?

அரிக்கமேட்டை எடுத்துக்கொள்வோம். செல்லிப்பட்டைத் தொட்டு ஓடும் அதே ஆற்றின் கடலோரக் கிளையில் இருக்கிறது அது. பாடத்தில் அரிக்கமேடு என்றால் 1945, மார்ட்டிமர் வீலர், உரோமானியப் பானைகள். 1989 முதல் 1992 வரை அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து அகழாய்வு நடத்திய விமலா பெக்லியின் பெயரைக் கேட்டால் எத்தனை மாணவிகளுக்குத் தெரியும்? உரோம வணிகத்தால் உருவான ஊர் என்ற பார்வையை அவர் கேள்விக்குள்ளாக்கினார். உரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, அந்த வணிகம் ஓய்ந்த பிறகும் வாழ்வு தொடர்ந்தது என்று காட்டினார். வெளியார் வந்துதான் இந்த ஊருக்கு வரலாறு கொடுத்தார்கள் என்ற கதையை ஒரு பெண் மண்ணைத் தோண்டித் திருத்தியிருக்கிறார். அவர் பெயரை ஒரு மதிப்பெண் வினாவாகச் சேர்ப்பதால் பயனில்லை. வீலர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை, பெக்லி எதை வைத்து மறுத்தார் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் வரலாறு கற்பது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் அப்படியே. 1736இல் தொடங்கி 1761 வரை நீளும் அந்தத் தமிழ் ஆவணத்தைத் துய்ப்ளெக்ஸ் காலத்து அரசியலுக்காகப் படிக்கிறோம். அதில் துய்ப்ளெக்ஸின் மனைவி ழான் வரும்போதெல்லாம் பிள்ளையின் பேனா கசக்கிறது. ஆளுநர் செய்தால் ராஜதந்திரம், ஆளுநரின் மனைவி செய்தால் சூழ்ச்சி. ழான் நல்லவர் என்று நிறுவுவது நம் வேலையல்ல. அதிகாரத்துக்கு அருகில் வந்த ஒரு பெண்ணை 18ஆம் நூற்றாண்டின் ஓர் ஆண், அதுவும் அதே அதிகாரத்துக்குப் போட்டியிட்ட துபாஷி, எந்தச் சொற்களால் எழுதினார் என்று கேட்பது நம் வேலை. இதைத் தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் சேர்ந்து ஒரே வகுப்பில் செய்யலாம். பெரும்பாலும் இரண்டு துறைகளும் ஒரே தாழ்வாரத்தின் எதிரெதிர் அறைகளில் இருந்துகொண்டு ஒன்றை ஒன்று எட்டிப் பார்ப்பதில்லை.

புதுச்சேரி அரசின் இலச்சினையில் இருக்கும் ஆயி மண்டபத்தைப் பாருங்கள். விளக்கொளியில் மின்னிய ஒரு வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டார், அது தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னார், ஆயி தானே அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் நகரத்துக்கு வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் மண்டபம் எழுந்தது. தாசி ஒருத்தியின் நினைவு ஓர் அரசின் சின்னமாக இருப்பது அபூர்வம்தான். ஆனால் அவள் எதற்காக நினைக்கப்படுகிறாள்? தன் வீட்டைத் தானே இடித்ததற்காக. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் பெண்கள் தங்கள் சொந்தப் பொருளிலிருந்து கொடை கொடுத்தவர்களாக நிற்பதை லெஸ்லி ஓர் தொகுத்துக் காட்டியிருக்கிறார். கொடுத்தவளைக் கல்வெட்டோடு விட்டுவிட்டு, இழந்தவளைச் சின்னமாக எடுத்துக்கொண்ட நம் நினைவின் தேர்வைப் பற்றி ஒரு மாணவி ஆய்வேடு எழுதலாம். பழங்கதை எங்கே முடிகிறது, ஆவணம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சியும் அதிலேயே கிடைக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். செல்லிப்பட்டுப் பக்கத்து மாணவி ஒருத்தி, சங்கராபரணியில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய படுகை அணையைத் தன் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டாள். 2021 மழை வெள்ளத்தில் அந்த அணை உடைந்தது. கட்டிய கதையும் உடைந்த செய்தியும் பத்திரிகைகளில் கிடைத்தன. அவள் அதோடு நிற்கவில்லை. ஊரின் வயதான பெண்களிடம் உட்கார்ந்து கேட்டாள். எந்த மாதம் அணையில் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கும், எப்போது கிணறு ஊறும், தண்ணீர் நின்றால் எத்தனை நாள் நடவு வேலை கிடைக்கும், நிற்காவிட்டால் குடத்தோடு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அவர்கள் சொன்னதை எழுதினாள். அணையின் வரலாற்றில் கூலி நாளும் குடத்தின் தூரமும் வந்தன. ஆய்வேட்டை மதிப்பிட்டவர் அந்தப் பகுதியைச் சுழித்துவிட்டு ‘ஆதாரமற்றது’ என்று எழுதினார். மதிப்பெண்ணும் போனது. காகிதத்தில் உள்ளது ஆதாரம், கிழவியின் வாயில் உள்ளது புலம்பல் என்பதுதான் அந்தச் சுழியின் பொருள். வாய்மொழி வரலாறு உலகப் பல்கலைக்கழகங்களில் முறையியலாக ஏற்கப்பட்டுப் பல பதிற்றாண்டுகள் ஆகின்றன. வாய்மொழியைச் சோதிக்க முறை உண்டு. பலரிடம் கேட்டு ஒப்பிடலாம், மழைக் கணக்கோடு பொருத்தலாம், முரண்பாட்டைக் குறிக்கலாம். அந்த முறையைக் கற்றுக்கொடுக்காமல் அவள் கொண்டுவந்ததைத் தள்ளுவது மதிப்பீடு ஆகாது.

புதிய கல்விக் கொள்கை இந்த வகுப்பறைக்குள் என்ன கொண்டுவருகிறது? 2020ஆம் ஆண்டுக் கொள்கை நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பை முன்வைக்கிறது. ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டாண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம், நான்காண்டு முடித்தால் ஆய்வோடு கூடிய பட்டம். நெகிழ்வு என்று இதைப் பாராட்டுகிறார்கள். பாடங்களைக் கலந்து படிக்கும் வாய்ப்பும் நான்காம் ஆண்டு ஆய்வும் உண்மையிலேயே நல்லவை. ஆனால் வெளியேறும் வாசல் எல்லோருக்கும் ஒன்றாகத் திறப்பதில்லை. இதுவரை கிராமத்துப் பெண்ணின் கையில் ஒரு வாதம் இருந்தது: ‘டிகிரி முடிக்கலன்னா மூணு வருஷமும் வீண்ப்பா.’ அந்த ஒற்றை வாக்கியத்தால் எத்தனையோ கல்யாணங்கள் தள்ளிப்போயின. இனி, ‘ரெண்டு வருஷத்துக்கே ஒரு சர்டிபிகேட் தராங்களாமே’ என்று பதில் வரும். மறுபடி வந்து சேரலாம் என்கிறது கொள்கை. கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருப்பவள் திரும்பி வர எந்தக் கல்லூரியில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது? அது இல்லாமல் ‘மறுநுழைவு’ என்பது தாளில் வரைந்த கதவு.

வேலை வாய்ப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் நேர்மையல்ல. வரலாறு படித்தால் உடனே வேலை கிடைக்காது. பி.எட். முடித்துத் தகுதித் தேர்வு எழுதிக் காத்திருக்க வேண்டும். போட்டித் தேர்வுகளுக்குப் படிக்க வேண்டும். முனைவர் பட்டம் வரை வந்தவர்களும் கௌரவ விரிவுரையாளர்களாக ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்கள். விடுமுறை மாதத்தில் சம்பளமில்லை, மகப்பேற்றில் விடுப்பில்லை என்ற நிலையில் வேலை செய்யும் தோழிகள் எனக்கு உண்டு. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் வைத்துவிட்டு ‘இந்தப் படிப்புக்கு வேலையில்லை’ என்று சொல்வது, அடுப்பை அணைத்துவிட்டுச் சோறு வேகவில்லை என்பது போல. வேலை இல்லாததற்கு வரலாறு காரணமல்ல. கல்லூரிகளின் பணியிடக் கொள்கை காரணம், அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், மொழிபெயர்ப்பு, பாரம்பரியச் சுற்றுலா ஆகிய துறைகளைப் படிப்போடு இணைக்காத நம் சோம்பல் காரணம்.

புதுச்சேரியில் இந்த இணைப்புக்கு இருக்கும் வசதி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இங்கே இருக்கிறது. அதன் சைவ ஓலைச்சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் இருக்கிறது. ரோமன் ரோலன் நூலகம் இருக்கிறது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வந்த குடும்பங்களில் பெண்ணின் சொத்தும் மணமும் என்ன ஆயின? புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய பெண்கள் யார்? 1936 ஜூலை 30இல் 12 ஆலைத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர்கள் வீட்டுப் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள்? 1954 அக்டோபர் 18இல் கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு தந்தார்கள் என்று மனப்பாடம் செய்கிறோம். கீழூர் வயல்களில் அன்று வேலை செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு அந்த வாக்கு என்னவாகப் பட்டது? இவற்றில் பலவற்றுக்கான தாள்கள் பேருந்தில் போய்வரும் தூரத்தில் உள்ளன. ஆனால் பிரெஞ்சில் உள்ளன. வரலாற்று மாணவிக்குப் பிரெஞ்சு ஆவணம் படிக்கப் பயிற்சியில்லை, கல்வெட்டு எழுத்துப் படிக்கவும் பயிற்சியில்லை. ‘கைடு’ படிக்கப் பயிற்சி இருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. வரலாற்று இளநிலையில் ஆவணம் வாசிப்பதற்கான பிரெஞ்சும் கல்வெட்டுப் பயிற்சியும் இரண்டு பருவங்களாவது வேண்டும். ஒவ்வொரு மாணவியும் தன் ஊரின் வரலாற்றை, வாய்மொழிச் சான்றை முறைப்படி சேர்த்து எழுத வேண்டும், அது மதிப்பெண்ணில் சேர வேண்டும். நல்ல நூல்கள் ஆங்கிலத்திலேயே இருந்துவிடாமல் தமிழில் வர வேண்டும். பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். கல்லூரிக்குள் குழந்தைகள் காப்பகம் வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் நூலகத்தில் இருந்துவிட்டுப் போகிறவளுக்குச் செல்லிப்பட்டு வரை பேருந்து வேண்டும்.

அரசிடமும் பல்கலைக்கழகத்திடமும் கேட்பவை இவை. வீட்டிடம் கேட்பது ஒன்று உண்டு, அதைக் கேட்கத்தான் நம் மாணவிகள் தயங்குகிறார்கள். 1048இல் ஓர் ஊர்ச் சபை தன் ஆண்களுக்குக் கொடுத்த விலக்கை, ஒரு வீடு தன் மகளுக்குக் கொடுக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய பத்து நாட்களாவது தண்ணீரைத் தம்பி பிடிக்கட்டும், உலையை அப்பா வைக்கட்டும். சலுகை என்று யாராவது சொன்னால், திருபுவனை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அந்த ஊரில் படிப்பவனுக்குக் கிடைத்தது அது.